மீதிச் சில்லறை

ரெட்டிச்சாவடி தாண்டியதும்
முதலில் பை விழுந்தது.
குனிந்து எடுக்கலாம் என்று நினைத்தேன்.
நினைத்ததோடு சரி.

சீட்டுக்கடியில் உருண்ட சில்லறையை
மீன்கூடைக்காரிகளும் காலேஜ் பிள்ளைகளும்
பொறுக்கிக் கொடுத்தார்களாம்.
டிரைவர் அந்தோணிசாமி ரூட்டை விட்டுத் திரும்பி
மொத்த பஸ்ஸையும்
கடலூர் பெரியாஸ்பத்திரி வாசலில் நிறுத்தினானாம்.
டிப்போவில் எண்ணியபோது நாலு ரூபாய் குறைந்ததாம்.

அன்றிலிருந்து என் வலது கை
ஜன்னலோரம் தூங்கிப்போன பயணி.
இறங்க வேண்டிய இடம் போய்விட்டது,
தலை மட்டும் ஆடுகிறது.
இருபத்தாறு வருஷம்
எத்தனை பேரைத் தட்டி எழுப்பியிருக்கிறேன்.
இதைத் தட்டினால்
தட்டும் கைக்குத்தான் தெரிகிறது.

பேச்சும் போனது.
மிச்சம் இரண்டு வார்த்தை:
போலாம். ரைட்.
பசிக்கிறதா? ரைட்.
மாத்திரை போட்டாச்சா? ரைட்.
மகள் அழுதபோதும் அதையே சொன்னேன்.

மஞ்சக்குப்பத்தில், எக்ஸ்ரே அறைக்குப் பின்னால்,
பிசியோ ஜெசிந்தா கேட்டாள்:
"எந்தக் கை சார் வரல?"
"ரைட்."
முதல்முறையாகச் சரியான பதில்.
அவள் சிரித்தாள். எனக்கு வாய்
ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

மேசையில் துண்டை விரித்து
அதன்மேல் கையை வைத்து, தள்ளு என்கிறாள்.
இரண்டு அங்குலம்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் லாரி மறித்த நாளில்கூட
இதைவிட வேகமாய்ப் போயிருக்கிறோம்.
நாற்காலியிலிருந்து எழு, உட்கார், பத்து முறை.
எட்டில் தொடை நடுங்குகிறது.
"இன்னும் ரெண்டு ஸ்டாப்தான் சார்."
குதிகால் முதலில், குதிகால் முதலில்.
ஓடும் பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்றவன்
இரண்டு கம்பிகளுக்கு நடுவே
நிற்காத தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அடி எடுக்க வரவில்லை என்றால்
அவள் எண்ணச் சொல்வதில்லை. ஊர் சொல்லச் சொல்கிறாள்.
ஆல்பேட்டை, ஒரு கால்.
கங்கணாங்குப்பம், மறு கால்.
எங்கே ஒளிந்திருந்தனவோ, வரிசையாக வருகின்றன:
முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம்.
சொந்த மகள் பெயர் வராத வாயில்
தவளக்குப்பம் வருகிறது.
அரியாங்குப்பத்தில் மூச்சு வாங்கி நின்றேன்.
பாண்டிக்கு இன்னும் இருக்கிறது.

வீட்டில் திலகவதி
என் இடது கைக்கு உறை மாட்டி முடிச்சுப் போடுகிறாள்.
ஒழுங்கான கையைக் கட்டிப்போடு என்பது ஜெசிந்தாவின் உத்தரவு.
தயிர்சாதம் மடியில், தரையில், காதோரம்கூட.
அவள் சீரியல் பார்க்கிறாள்.
விளம்பரம் வந்த பிறகும்
டிவியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
ஒரு நாள் கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன், இடது முழங்கையால்.
துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டு வந்தாள்.
"நானா கொண்டுபோய் வச்சேன் ஒங்க கைய?" என்றாள்.
ரைட் என்றேன். வேறென்ன சொல்ல.

பிறகு நாணயங்கள்.
பழைய தடித்த ஐந்து ரூபாய் எளிது.
ஒரு ரூபாய்
மேசையில் ஒட்டிய அட்டை.
கட்டைவிரல் போகிறது, ஆள்காட்டி வருவதில்லை.
ஆள்காட்டி வரும்போது
கட்டைவிரல் எங்கோ இறங்கிவிட்டிருக்கிறது.
பதினோரு நாள்.
ஒரே ஒரு ரூபாய்.

பன்னிரண்டாம் நாள் அது நிமிர்ந்தது,
விரல்களுக்கிடையே, நடுங்கிக்கொண்டு.
ஜெசிந்தா உள்ளங்கையை நீட்டினாள்.
வைத்தேன். பாதி விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.
அவள் கையை மடக்கவில்லை.
"மீதி எங்க சார்? நான் அஞ்சு ரூபா குடுத்தேனே."

என்னிடமிருந்து என்று எனக்கே தெரியாமல்
முழுசாக ஒரு வாக்கியம்:
"எறங்கும்போது வாங்கிக்க."

அறையே சிரித்தது. பக்கத்துக் கட்டிலில்
கழுத்துப்பட்டை போட்ட கிழவரும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பேன்,
டிக்கெட் பின்னால் கிறுக்கிக் கொடுத்து.
எத்தனை பேர் மறந்து இறங்கிப் போனார்கள்,
நானும் ஞாபகப்படுத்தவில்லை.

எனக்கு வர வேண்டிய மீதி
எவ்வளவு என்று எங்கும் எழுதியில்லை.
இன்றைக்கு ஒரு ரூபாய் வந்திருக்கிறது.
நாளைக்கு ஒன்பது மணிக்கு,
சட்டைப் பித்தான்.