வினிகர் வாடை

வூச் நகரத்தில் பதினொன்றாம் எண் டிராம் என்னுடையது.
காலை நாலேகாலுக்கு டிப்போவை விட்டு எடுத்தால்
கயெத்தான் பல் தேய்க்கும் நேரத்தில்
எங்கள் ஜன்னலுக்குக் கீழே
ஒருமுறை மணியடித்துக் கடப்பேன்.
"முட்டையைச் சாப்பிடு" என்று அதற்கு அர்த்தம்.
முந்தின இரவே அவித்து வைத்த முட்டை.
ஏழு வயதுப் பிள்ளைக்குக் காலையில் அம்மா என்பது
அந்த ஒரு முட்டைதான்.

ஓட்டின்மேல் சிவப்பு மையில் எண் குத்தியிருக்கும்.
மூன்றில் தொடங்கினால் கூண்டு.
இரண்டு என்றால் கூரைக்குள் நெரிசல்.
ஒன்றுக்குக் கொஞ்சம் வெயில் உண்டு.
பூஜ்யம் என்றால் புல், புழு, மருந்து படாத தானியம்.

"கணக்கில் முட்டை வாங்கினால் திட்டுகிறாய்,
முட்டையில் முட்டை இருந்தால் மட்டும்
இரண்டு மடங்கு காசு கொடுக்கிறாய்!"
என்றான் மகன்.
கொடுப்பது மாதத்தில் முதல் பத்து நாள்தான்.
அதை நான் சொல்லவில்லை.

சனிக்கிழமைச் சந்தையில் செவெரின் வந்து நிற்பான்.
வெள்ளை வேன், வைக்கோல் கூடை,
கூடைக்கு ஓர் இறகு, கணக்காக.
எண்ணைக் காணோமே என்றேன்.
"என் கோழிகளுக்குப் பெயர் இருக்கிறது,
எண் எதற்கு?"
பதில் பிடித்திருந்தது. பதினைந்து வாங்கினேன்.

வீட்டில் கழுவும்போது வினிகர் வாடை.
விளக்கடியில் திருப்பிப் பார்த்தால்
ஆறிய தழும்பின் நிறத்தில்
பாதி அழிந்த ஒரு மூன்று.

மறுவாரம் கிழித்துத் தொங்கவிடத்தான் போனேன்.
வேனுக்குள் உட்கார்ந்து
விரல் நுனிகளுக்கு பிளாஸ்டர் சுற்றிக்கொண்டிருந்தான்,
பத்துக்கும்.
"சீக்கிரம் திட்டுங்கள், கூட்டம் வருகிறது" என்றான்.
கொண்டுபோன வசவு
வாய்க்குள்ளேயே அவிந்துவிட்டது.

எண்ணைத்தான் நம்புவதென்று
ஒரு பூஜ்யப் பெட்டியிலிருந்த முகவரிக்கு
ஞாயிற்றுக்கிழமை போனேன்.
இரண்டு பேருந்து. பிறகு கணுக்கால் வரை சேறு.
ஒத்தீலியா ரப்பர் பூட்ஸோடு வந்து
"அரசாங்கமா?" என்றாள்.
"இல்லை, அம்மா" என்றேன்.
"அவர்களைவிட மோசம்" என்று கதவைத் திறந்தாள்.

எண்ணூறு கோழிகள் ஈரப் புல்லில்.
ஒன்று என் ஷூ லேஸைப் புழுவென்று இழுத்தது.
பெயர் என்ன என்று கேட்டேன்.
என்னை விநோதமாகப் பார்த்தாள்.

அவள் அடுப்பில் பாக்கெட் நூடுல்ஸ் கொதித்தது.
அலமாரியில் சூப்பர் மார்க்கெட் முட்டை,
மூன்று, மூன்று, மூன்று.
நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.
"என்னுடையது எல்லாம் பெர்லினுக்குப் போகிறது.
தீவனக் கடன் தின்றதுபோக
எனக்குக் கட்டுப்படியாவது இதுதான்."
சிரித்தாள். நான் சிரிப்பதா வேண்டாமா என்று
முடிவெடுப்பதற்குள் நூடுல்ஸ் பொங்கிவிட்டது.

கிளம்பும்போது, விரிசல் விட்டதால்
லாரியில் ஏறாத ஆறு முட்டைகளை
நீலப் பிடி வைத்த பாத்திரத்தில் இட்டுத் தந்தாள்.
காசு வாங்கவில்லை.
"பாத்திரம் வேண்டும். மறந்துவிடாதே."

இரண்டு பேருந்திலும் மடியில் வைத்து வந்தேன்,
தளும்பும் எதையோ ஏந்துகிறவள் போல.
அன்றிரவு ஆம்லெட். மஞ்சள் அதிகம்தான்.
ருசி கூடுதலா என்று சத்தியம் செய்யச் சொன்னால்
செய்யமாட்டேன். நான் பசியோடிருந்தேன்.

இன்றைக்கு இருபத்தேழாம் தேதி.
குளிர்பெட்டியில் மூன்றுகள்.
கயெத்தான் பென்சிலால்
ஒவ்வொரு மூன்றுக்கும் முன்னால்
ஒரு பூஜ்யம் போட்டு வைத்திருக்கிறான்,
நாக்கை வெளியே நீட்டி எழுதும் அவன் வழக்கப்படி
கோணலாக, உருண்டையாக.
செவெரினாவது அழித்தான், இவன் சேர்த்திருக்கிறான்.
கண்டிக்க வேண்டும்.

கொதிநீரில் இறக்கினேன்.
பென்சில் கலையவில்லை.
நாளைக் காலை அவன் உரிப்பான்,
நான் மணியடிப்பேன்.

நீலப் பிடிப் பாத்திரம் இன்னும்
குளிர்பெட்டியின் தலைமேல்.
வெறும் பாத்திரமாகத் திருப்பித் தருவது அழகில்லை.
என்ன வைத்துக் கொண்டுபோவது,
அதுதான் யோசனை.