ஆப்பு

கென்ட் நகரத்தின் பழைய சந்துகளில்
கருங்கல் பாவியவர்கள்
மின்சைக்கிளை நினைத்துப் பாவவில்லை.
கல்லுக்குக் கல் ஒரு குலுக்கல்,
குலுக்கலுக்கு ஒரு 'டக்'.

பியானோவுக்குச் சுருதி சேர்த்துப் பிழைக்கிறவள் நான்.
ஊருக்குச் சத்தமாய் விழுவது
என் காதில் சுரமாய் விழுந்து தொலைக்கிறது.
சட்டத்தில் மாட்டிய பேட்டரி மூன்றரைக் கிலோ,
அதற்கும் தாங்கிக்கும் நடுவே
நகக்கண் அளவு இடைவெளி.
'டக்' என்பது ஏறக்குறைய ரிஷபம்.
அந்த ஏறக்குறையதான் தாங்க முடியவில்லை.

செவ்கி சாவியைத் திருப்பினான்: பூட்டு சரி.
பேட்டரியைப் பிடித்து ஆட்டினான்,
பிள்ளையின் விழப்போகும் பல்லை
நாக்கால் தள்ளச் சொல்லிப் பார்ப்பதுபோல.
"கொக்கி தேய்ந்துவிட்டது, மாக்டெல்ட்.
தாங்கியை மாற்ற வேண்டும்.
இந்த மாடலை நிறுத்தி மூன்று வருஷம்,
தேடித்தான் வாங்கணும்."
"அதுவரை?"
"வார் போட்டுக் கட்டு. கல்தெருவில் போகாதே."
கென்ட்டில் இருந்துகொண்டு
கல்தெருவில் போகாதே என்கிறான்!

வார் போட்டேன். மழையில் நெகிழ்ந்தது.
பழைய டியூபை வெட்டிச் சுற்றினேன்.
சத்தம் குறைந்தது, ஆட்டம் குறையவில்லை.
தெரியாமல் தேய்ந்துகொண்டிருந்தது கொக்கி.

ஒரு செவ்வாய்க்கிழமை கருவிப்பைக்குள் கை விட்டேன்.

ஒரு சுரத்துக்கு மூன்று தந்தி.
இரண்டின் வாயை அடைத்தால்தான்
மூன்றாவது சொல்வது கேட்கும்.
அதற்கென்று ரப்பர் ஆப்புகள், ஐந்து வைத்திருக்கிறேன்.
மிக ஒல்லியானதை எடுத்து
பேட்டரியின் தோளுக்கும் சட்டத்துக்கும் இடையில் செருகி
கட்டைவிரலால் ஓர் அழுத்து.
அசைத்தேன்.
சைக்கிள்தான் அசைந்தது.

அன்று லெய் ஆற்றோரம்
வாத்துகள் சண்டை போடுவதைக் கேட்டேன்.
ஆறு மாதமாய் அதே வழியில்தான் போகிறேன்.

பதினொரு நாள் நிம்மதி.

திருமதி ஃபன் ஹோக் வீடு நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது.
பியானோவின் மேல்பக்கச் சுரங்களில்
தந்திகள் நெருக்கியடித்துக் கிடந்தன.
ஒல்லி ஆப்பு வேண்டும்.
ஒல்லி ஆப்பு கீழே, சைக்கிளில்.
இறங்கினேன், உருவினேன், ஏறினேன்.
வேலை முடிந்தது. காபி வந்தது.
அவர் நாயின் சிறுநீரகம் பற்றி
நெடுநேரம் பேசினோம்.
பணத்தை எண்ணிக் கொடுத்தார்.
நான் எண்ணாமல் பையை மூடினேன்.

டிராம் தண்டவாளத்தைக் கடக்கும்போது
'டக்' இல்லை.
அதைவிடப் பெரிய ஒன்று.
காலடியிலிருந்து ஒரு கனம் கழன்று போனது,
திரை அணைந்தது,
இருபத்துமூன்று கிலோ இரும்பு
சட்டென்று என் தொடைகள் மேல் உட்கார்ந்தது.
திரும்பிப் பார்த்தால்
என் பேட்டரி
தண்டவாளங்களுக்கு நடுவே கிடக்கிறது,
டிராம் ஓட்டுநர்
மணியடித்துக்கொண்டே இருக்கிறார்.

தபால் பெண் ஒருத்தி ஓடிவந்து எடுத்துத் தந்தாள்.
ஒரு மூலை பிளந்திருந்தது.
முகர்ந்து பார்த்தேன்: வாடை இல்லை, சூடில்லை.
ஆனாலும் இனி இதைச் சார்ஜில் போட முடியாது.
கூடையில் கிடத்தி
சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.
ஆப்பசைத்த குரங்குக்கு
வாலாவது மாட்டியது, காரணம் தெரிந்திருக்கும்.
எனக்குப் பாலம் தாண்டும்வரை புரியவில்லை.
நின்று பைக்குள் எண்ணினேன்.
நான்கு.

போன் அடித்தது.
"மன்னியுங்கள், வாசித்துப் பார்த்தேன்,
மேலே ஒரு சுரம் மட்டும்
தொண்டை கட்டினதுபோல் ஒலிக்கிறது."

"தெரியும்," என்றேன்.
"எதையும் பிடித்து இழுக்காதீர்கள்.
நாளை வருகிறேன்.
கொஞ்சம் தாமதமாகும்,
நடந்து வரவேண்டும்."