மேற்கு: கடல்

ஐம்பத்தெட்டாம் ஆண்டு உறுதி
பதினான்கு பேர்ச்சஸ் என்கிறது.
வடக்கே லேன், கிழக்கே ரோடு,
தெற்கே சல்தீனோவின் மதில்,
மேற்கே 'இரட்டைத் தென்னை'.
நொத்தாரிசு அந்தத் தென்னைகளை
சுழிகூடப் பிசகாமல் எழுதியிருக்கிறார்.
அவை அங்கேயே நிற்கும் என்ற நம்பிக்கை
மையில் இன்னும் நீலமாக இருக்கிறது.

முகத்துவாரம். ஜூன் மாதம். சோளகம் கண்ணில் உப்பைத் தூவுகிறது.
வைகுந்தவாசன் ஐயா நில அளவையாளர்.
நான் நாடா பிடிப்பவன்.
எண்கள் எல்லாம் அவர் பக்கத்தில்.
இருபத்தாறு வருடமாக
பூச்சியத்தைப் பிடிப்பது என் உத்தியோகம்.

வழக்கு அண்ணனுக்கும் தங்கைக்கும்.
சரிபாதி கேட்கிறார்கள்.
எதில் பாதி என்று பார்த்துவரத்தான்
கோர்ட் எங்களை அனுப்பியிருக்கிறது.

குசினி போய் இரண்டு வருடமாம்.
இடி மாதிரி விழும் என்று எதிர்பார்த்தார்களாம்.
விழவில்லை.
அலை சுவரைத் தொடவேயில்லை;
அத்திவாரத்துக்குக் கீழே
ஒவ்வொரு கைப்பிடியாகக் கடன் வாங்கிக்கொண்டு போனது.
ஒரு காலையில் அடுப்புத் திட்டு
மண்டியிடுவதுபோல் முன்னுக்குச் சரிந்தது.
ரொசலீன் பால் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.
இப்போது அங்கே மூன்று படிகள்;
ஏறினால் எதுவும் இல்லை.

"ஜன்னலில இருந்து தென்னைக்கு நாற்பதடி" என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.
"அறுபது" என்றாள் ரொசலீன்.
"உனக்கெப்படித் தெரியும்?"
"உடுப்புக் காயப்போட்டது நீயா நானா?"
உள்ளே போனாள்.
கட்டிலுக்கடியில் இருந்து
ஒரு நைலோன் கயிற்றுச் சுருளோடு வந்தாள்.
பச்சை நிறம்; இரண்டு கிளிப் இன்னும் அதில் கடித்துக்கொண்டிருந்தன.

ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டினோம்.
மறு நுனி என் கையில்.

"பின்னுக்குப் போ."
போனேன்.
"இன்னும்."
முழங்கால்.
"இன்னும் கயிறு இருக்கு, போ."
இடுப்பு.
சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கட் மிதந்து போனது.
மார்பில் கயிறு விறைத்தது.
"அங்கேயே நில்!"

நிற்பதா?
ஒவ்வொரு அலை திரும்பும்போதும்
குதிகாலுக்குக் கீழே மணல் உருவிக்கொண்டு ஓடியது.
நான் அசையவில்லை. ஆனால்
நான் நின்ற இடம் போய்க்கொண்டிருந்தது.

ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன்.
மினுங்கியது: காக்கைப்பொன்.
இது கொழும்பு மண் இல்லை.
மஸ்கெலியாவுக்கு மேலே எங்கோ பாறையாக இருந்தது;
மழை சொறிந்து, களனி உருட்டி,
கல் என்ற பெயரை வழியிலேயே தொலைத்து
இங்கே வந்து ஒருவருடைய மேற்கு எல்லையானது.
இப்போது வரத்துக் குறைவு.
மேலே அணைகள் வண்டலைப் பிடித்து வைத்திருக்கின்றன,
ஆற்றின் வயிற்றில் லொறிகள் இறங்கி நிற்கின்றன.
கடலுக்குப் பங்கு வராத வருடங்களில்
அது கரையில் வசூலிக்கிறது.

தெற்கே, தூறலுக்குள், புதிய நகரத்தின் பாரந்தூக்கிகள்.
அங்கே கடலடி மணலை உறிஞ்சி
நிலம் செய்து, நிலத்துக்கு விலையும் செய்தாயிற்று.
வடக்கே காக்கைதீவில்
போன ஞாயிறு பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.
விக்கட் நட்ட இடம் போன வருடம் தண்ணீர்.
அலை இங்கிருந்து உருவியதை அங்கே கொட்டியிருக்கலாம்.
ரொசலீனின் குசினித் தரையில் நின்று
ஒருவன் சிக்ஸர் அடித்திருக்கலாம்.
அதற்கு உறுதி கிடையாது.

கரையேறினேன்.
ஐயா கணக்குப் போட்டார்: எட்டு தசம் நான்கு.
ஸ்ரனிஸ்லாஸ் இரண்டால் பிரித்து வாய்க்குள் முணுமுணுத்தார்.
படத்தில் மேற்கே கோடு போட வேண்டிய இடத்தில்
ஐயாவின் பென்சில் நெடுநேரம் நின்றது.
பிறகு 'கடல்' என்று எழுதி,
பக்கத்தில் நேரத்தையும் எழுதினார்: முற்பகல் பத்து நாற்பது.
இத்தனை வருடத்தில் எந்த எல்லைக்கும்
அவர் நேரம் போட்டு நான் கண்டதில்லை.

ரொசலீன் கயிற்றை அவிழ்க்கவில்லை.
வளவுக்குள் ஒரு முளை அடித்து
அதைச் சுருக்கிக் கட்டினாள்.
என் நனைந்த சட்டையைக் கேட்டாள்.