இருப்பிடத்துக்கு அருகே செல்லவும்

டோக்கன் முப்பத்தேழு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஈரப் பையோடு தேசராணி.
பைக்குள் சங்கரா மீன் வாசனை,
அதற்குள் பாலித்தீன் உறை,
அதற்குள் குடும்ப அட்டை.

"அட்ரஸ் மாத்தணும்மா."

திருவொற்றியூர் இ-சேவை மையத்தில்
மூன்று வருஷமாய் ஒப்பந்தத்தில் இருக்கிறேன்.
அந்தப் படிவம் என் விரல்களுக்கே மனப்பாடம்.
மாவட்டம், வட்டம், பிறகு தெருக்கள்.
அம்புக்குறியைத் தட்டினால் குப்பமே உருண்டு இறங்கும்.
சின்னாண்டிக் குப்பம் முதல் தெரு,
இரண்டாம் தெரு,
மூன்றாம் தெரு,
கடற்கரைத் தெரு.

எதும்மா உங்களுது, கடற்கரைத் தெருவா?

"அய்ய, அது எப்பவோ பூட்ச்சு.
மொதல்ல அது, அப்பால மூணாவது,
போன ஐப்பசில ரெண்டாவது.
நாங்க ரெண்டாவது."

திரையில் நான்கும் இருந்தன,
வரிசை கலையாமல், ஈரமில்லாமல்.

இப்போது இருக்கும் இடத்தைத் தேடினேன்.
கன்டெய்னர் யார்டுக்குப் பின்னால்,
ஆயில் கம்பெனி மதிலை ஒட்டி
எழுபத்திரண்டு தகர அறைகள்.
பட்டியலில் இல்லை.
'மற்றவை' என்று ஒரு கட்டம் உண்டு,
நாற்பது எழுத்துக்கு மேல் அது கொள்ளாது.
மனுஷியைச் சுருக்கிச் சுருக்கி அடித்தேன்.
கதவு எண் கட்டாயம் என்றது சிவப்பில்.
பூஜ்ஜியம் போட்டேன்,
மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.
ஓடிபி போன செல் மகனிடம்,
மகன் ஹார்பரில்,
ஷிப்டு முடிய ஆறு மணி.
அன்றைக்கு அவ்வளவுதான்.

பன்னிரண்டு நாள் கழித்து வந்தாள்.
உட்காரும் முன்பே சிரிப்பு.

பழைய முகவரியில் அவள் இல்லை என்பதை
அங்கேயே போய்ப் படம் எடுத்தால்தான்
புது முகவரி திறக்குமாம்.
ரெவின்யூ சார் வந்திருக்கிறார்.
கருங்கல் குவியல்மேல்
ஷூவைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு
மறு கையில் செல்லை நீட்டியிருக்கிறார்.
செல் முழுக்க நீலம்,
நீலத்துக்கு நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.

'முப்பத்தெட்டு மீட்டர் தொலைவில் உள்ளீர்கள்.
இருப்பிடத்துக்கு அருகே செல்லவும்.'

ஒரு கல் இறங்கினார். முப்பத்தாறு.
பேன்ட்டை மடித்து இன்னொரு கல். முப்பத்தைந்து.
அலை ஏறி முழங்காலை நனைத்தது.
அப்போதும் முப்பத்தைந்துதான்.

"நான் சொன்னேன்,
இன்னும் கொஞ்சம் உள்ள போ சார்,
வாசப்படி வந்துரும்.
எடது பக்கமா பாத்து வெய்யி காலை,
அம்மிக்கல்லு கீது, இடிச்சுக்கப் போற."

பசங்க விசில் அடித்தார்களாம்.
அவர் சிரிக்கவில்லையாம்.
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மெதுவாய்க் கேட்டாராம்:
"சமையக்கட்டு எங்கம்மா இருந்துச்சு?"

"தோ, அந்த ஃபைபர் போட்டு திரும்புது பாரு சார்,
அத்தாண்ட."

அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாராம்.
படம் மட்டும் ஏறவில்லை.

விண்ணப்ப எண்ணை அடித்துப் பார்த்தேன்.
நிலுவை.
காரணம்: விண்ணப்பதாரரின் வீட்டை அணுக இயலவில்லை.

படித்துச் சொன்னதும்
"கரீக்ட்டாதான் போட்டுகீறான்" என்றாள்.
அரிசி வாங்க அந்த வீட்டு அட்டைதான் இன்னும்.
மாதா மாதம் கடலுக்கு இருபது கிலோ எழுதுகிறார்கள்,
இவள் சுமந்து யார்டுக்குப் போகிறாள்.

மறுபடி முதலிலிருந்து போடலாம் என்று
படிவத்தைத் திறந்தேன்.
குப்பம் உருண்டு இறங்கியது.

முதல் தெருவுல யாரும்மா இருக்காங்க?

"எங்க அக்கா. நாலு புள்ளிங்க."

அம்புக்குறி எந்தத் தெருவின் மேல் நின்றாலும்
அந்த வரி நீலமாகும். எல்லாக் கணினியிலும் அப்படித்தான்.
இத்தனை நாள் பார்த்திருக்கிறேன்.

முதல் தெரு நீலமானது.

மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.
நீலம் அப்படியே நின்றது.