ஈ வராத காலை

பதினேழு மின்னஞ்சல் அனுப்பினேன்.
எல்லாவற்றிலும் 'மதிப்பிற்குரிய' இருந்தது.
பதினொன்றாவதில் மட்டும் வேறொருவர் பெயர்
அழிக்க மறந்து நின்றது.
அந்த ஒருவர்தான் உடனே பதில் போட்டார்:
நான் அவரில்லை.

மட்டக்களப்பில் இரண்டு வருடம் படித்த பாடங்கள்
என்னோடு பேராதனைக்கு பஸ் ஏறவில்லை.
அவற்றின் கோப்பு
'பரிசீலனையில்' என்ற முத்திரைக்குக் கீழே
சளி பிடித்துக் கிடந்தது.
தடயவியல், மூன்றாம் வருடம், கடைசி வாங்கு.
ஆய்வுகூடச் சாவிகளை இவர்கள்
இரண்டாம் வருடத்திலேயே பங்கிட்டுவிட்டார்கள்.

டீ.என்.ஏ. அறையில் இடமில்லை.
நச்சியலில் ஆள் இருக்கிறதாம்.
கைரேகைக்காரர் கதவைப் பாதி திறந்து
'போன வருடம் வந்திருக்கலாமே' என்றார்.
போன வருடம் நான்
கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம்
வேறொரு கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன், சேர்.
இதைச் சொல்லவில்லை.
'சரி சேர்' என்றேன்.

தமிழில் ஓரெழுத்துச் சொல் ஒன்று:
ஈ.
கொடு என்றும் பொருள், பறப்பதும் அதுதான்.
பதினேழு கடிதத்திலும்
முதற்பொருளைத்தான் எழுதியிருந்தேன்.

இரண்டாம் பொருள்
விலங்கியல் கட்டடத்துக் குளிர்சாதனப் பெட்டியில்
சிங்களத்தில் ஒட்டியிருந்தது.
எழுத்துக் கூட்டி வாசித்தேன்:
ஈ எண்ண ஆள் தேவை. ஞாயிறும் வரவேண்டும்.
கொடுப்பனவு இல்லை.
மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு முன்னுரிமை.

கலாநிதி நிலந்தி என் புள்ளிகளைக் கேட்கவில்லை.
மேசையில் ஓர் அட்டவணை விரித்திருந்தது,
செத்தவர் செத்து எத்தனை மணி என்று
ஈயிடம் கேட்டுச் சொல்கிற அட்டவணை.
'ஈ வராமல் இருந்து பார்த்திருக்கிறாயா?' என்றார்.

பார்த்திருக்கிறேன்.
கல்லடி விடுதியில் மீன் கழுவினால்
வால் வெட்டுமுன் பச்சை ஈ வந்துவிடும்.
நோர்வூட்டில், எங்கள் லயத்துக்குப் பின்னால்,
ஜனவரிக் குளிரில்
யாரோ மறந்து வைத்த சாளைத் தலை
பத்து மணிவரை
கண் திறந்தபடி தனியாக இருந்தது.
பூனைகூட வரவில்லை.
இதில் போட்டிருப்பது
எந்த ஊர் ஈயின் நேரம், மிஸ்?

கேட்டபிறகுதான் தெரிந்தது
அது ஒரு கேள்வி என்று.
அவர் பேனாவை மூடினார்.
'இரண்டு ஊரிலும் இருந்தது நீதானே' என்றார்,
தமிழில், தப்பான இடத்தில் அழுத்தம் வைத்து.

'கம்பஸ் போயும் ஈ ஓட்டுறியா?'
பக்கத்து லயத்து மரியசெல்வம் சிரித்தான்.
ஓட்டவில்லையடா. எண்ணுகிறேன்.

கந்தப்பளையில், கோவாப் பாத்திகளுக்கு மேலே,
கம்பிக் கூண்டுக்குள் ஒரு பன்றித் தொடை.
வெப்பமானியில் பதினொன்று.
பாத்தி தெரியவில்லை, அவ்வளவு மூடுபனி.
முதுநிலை மாணவி ரிஸ்மியா
குடைக்குள்ளிருந்து சொன்னாள்:
வராவிட்டாலும் எழுது.

ஆறு மணி: பூச்சியம்.
ஆறரை: பூச்சியம்.
ஏழு: பூச்சியம்.
பூச்சி இல்லாததற்கு இந்தப் பெயரை வைத்தவன்
இங்கே ஒரு காலை நின்றிருப்பான்.
பள்ளிக்கூடத்தில் வாங்கினால் இதற்கு முட்டை என்று பெயர்,
வீட்டில் அடி விழும்.
இங்கே ஒவ்வொன்றுக்கும்
பக்கத்தில் கையொப்பம் கேட்கிறார்கள்.
எஸ். புவனமலர், மூன்றாம் வருடம் என்று எழுதி
வருடத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.
விரல் விறைத்திருந்தது.
பிறகு அந்தக் கேள்விக்குறியை வெட்டினேன்.

பதினொன்று ஐம்பத்திரண்டு.
பனிக்குள்ளிருந்து ஒரு நீலப் புள்ளி
கம்பியில் இறங்கிக் கைகளைத் தேய்த்துக்கொண்டது,
நேர்முகத்துக்கு வந்த பிள்ளை மாதிரி.

பையில் கைபேசி நடுங்கியது.
பதினேழாமவர்.
'மன்னிக்கவும், இம்முறை'
என்று தொடங்கியிருந்தது.
மீதியைப் பிறகு பார்க்கலாம்.

எழுதினேன்:
ஒன்று.