பதுக்கல்

ஸ்வீபி படகுத்துறையில் காலை ஏழரைக்கு
நான் மட்டும்தான் நின்றிருந்தேன்.
உலாவி சொன்ன படகு
அக்டோபரோடு நின்றுவிட்டதாம்.
டிக்கெட் கூண்டிலிருந்த ஹெல்யு
கண்ணாடிக்கு உள்ளிருந்தே கையை விரித்தாள்:
“குளிர்கால அட்டவணை வந்து
பதினாறு நாள் ஆச்சே, லெய்டா.”

வீட்டுக் கணினிக்கு அது தெரியாது.
என்றோ பார்த்த பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு
கேட்டபோதெல்லாம் அதையே எடுத்து நீட்டியிருக்கிறது,
ஃப்ரிட்ஜைத் திறக்காமலே
பால் இருக்கிறது என்கிற ஆள் மாதிரி.

பல் டாக்டர் போனது போனதுதான்.
கடைவாய் விண்விண்ணென்று தெறிக்க
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தேன்.
வட்டில் மிச்சம் முந்நூறு மெகாபைட்.
உலாவியின் பதுக்கல் ஆறு ஜிகாபைட்.
சோவியத் காலத்துக் கடைக்காரன்கூடப்
பின்னறையில் இத்தனை மூட்டை அடுக்கியதில்லை.

அழி என்ற பொத்தானில் விரலை வைத்தவள்
எடுத்தேன்.
குப்பையைக்கூட ஒருதரம் கிளறிவிட்டுத்தான்
பையைக் கட்டுவேன், அது என் குணம்.

கோப்புகளுக்குப் பெயரில்லை, வாலில்லை,
வெறும் எண்கள்.
ஒன்றுக்குப் படத்தின் வாலை ஒட்டினேன்.
விழித்துக்கொண்டது: மஞ்சள் ரப்பர் பூட்ஸ்.
அடுத்தது, யார் வீட்டு நாயோ.
அடுத்தது ஒரு ஜன்னல்,
கீழே ஹீட்டர்,
பக்கத்தில் ஒற்றைக் கட்டில்.
அடுத்ததில் வேறு ஜன்னல்.
இரண்டே அடுப்பு வைத்த சமையல் மேடை.
ஒரு தளவரைபடம், இருபத்தாறு சதுர மீட்டர்,
ஓரத்தில் டார்ட்டு நகரத் தெருவின் பெயர்.

பதினொரு வீடு எண்ணினேன்.
பதினொன்றிலும் கட்டில் ஒற்றை.

ராய்வோ வரலாற்றை அழித்திருந்தான்,
சுத்தமாக, தேதி தேதியாக.
வரலாற்றை அழிக்கிறவர்களுக்குப்
பின்னறை ஞாபகம் வருவதில்லை.

இருட்டிய பிறகு விறகோடு வந்தான்.
“பல் என்னாச்சு?”
“படகு இல்லை.”
“கம்ப்யூட்டரையாவது சுத்தம் பண்ணினாயா?
ஆமையாய் நகர்ந்ததே.”
“பண்ணினேன்.”

பொய்யில்லை. ஆறும் போய்விட்டது.
எல்லாப் பக்கமும் இப்போது
என்னை முதன்முதலில் பார்ப்பதுபோல்
தயங்கித் தயங்கித் திறக்கின்றன.

ஜன்னலோரக் கட்டில் படத்தை மட்டும்
முகப்புத் திரையில் விட்டுவைத்திருக்கிறேன்.
பெயரில்லாமல் இருந்ததற்குப் பெயரும் வைத்தாயிற்று:
குளிர்கால அட்டவணை.

நாளை அவன் கரைக்குப் போகிறான்.
நேரம் பார்க்காமல் கிளம்ப மாட்டான்.