எட்டாவது முளை

வீட்டைப் பிரித்தபோது கூடாரமும் பிரிந்தது:
துணி எனக்கு, கம்பிகள் அவனுக்கு.
யாரும் தீர்ப்பெழுதவில்லை.
வேனில் கிடந்தவை வேனோடு போயின,
கொடியில் காய்ந்தது என்னோடு தங்கியது.

மூன்று கோடை அந்தத் துணி
கராஜில் கிடந்தது, பனிச்சறுக்குப் பலகைகளுக்கு அடியில்
எலி மோந்து பார்த்துக் கைவிட்ட மூட்டையாய்.

இந்த ஆகஸ்டில் கார்லிஸ் அழைத்தாள்.
டூயியின் தங்கை.
மணமுறிவுக் காகிதத்தில்
நாத்தனார்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
"துணியை எடுத்துக்கிட்டு வா" என்றாள்.
"கம்பி?"
"ஊன்றுகோல் இருக்கே, சமாளிப்போம்."

விண்ட் ரிவர் மலை. காலை ஆறு மணி.
பாதை தொடங்கும் இடத்தில் ஒரு மரப்பெட்டி,
உள்ளே பதிவேடு, நூலில் கட்டிய பென்சில்.
கார்லிஸ் எழுதினாள்: இருவர், மூன்று இரவு.
'நோக்கம்' என்ற கட்டத்தில்
எங்களுக்கு முன்னால் போனவர் 'மீன்' என்று எழுதியிருந்தார்.
அதன் கீழே இவள் ஒரு மேற்படிக் குறி போட்டாள்.
எங்களிடம் தூண்டில் கிடையாது.

முதல் நான்கு மைல் கொசு.
அடுத்த மூன்று மைல் எரிந்த காடு,
கரித்தண்டுகளின் காலடியில் ஊதாப் பூ இடுப்பளவு.
அப்புறம் பாறை.
கார் அளவுப் பாறை, ஃபிரிட்ஜ் அளவுப் பாறை,
கால் வைத்த பிறகு யோசிக்கும் பாறை.
பையின் வார் தோளெலும்பைத் தேடிக் கண்டுபிடித்தது.
என் மூச்சு எனக்குப் பின்னால் எங்கோ
ஏறி வந்துகொண்டிருந்தது.
ஒரு பைகா, முஷ்டியளவு உடம்பு,
வாய் கொள்ளாத புல்லைக் கவ்விக்கொண்டு
எங்கள் வழியை வெட்டி ஓடியது.
அதற்குப் பனிக்காலம் நாளை மறுநாள்.

வரைபடத்தில் அந்த ஏரிக்குப் பெயரில்லை,
அடிக்கணக்கு மட்டும்.
உணவு டப்பாவைக் கரடிக்காக
நூறு எட்டு தள்ளி வைத்துவிட்டுத் திரும்பினால்
மேற்கே வானம் ஈயம் பூசிக்கொண்டிருந்தது.
கோல்களை நட்டேன். துணி தொங்கிற்று,
ஈரப் பசு படுத்ததுபோல.

கார்லிஸ் தன் பைக்குள் கை விட்டாள்.
பச்சைக் காலுறை ஒன்று, நீளமாய், விறைப்பாய்.
"அவன்தான் கொடுத்தான்."
"நீ கேட்டியா?"
"கேக்கலை."

உதறினால் போதும், துண்டு துண்டைத் தேடிப்போய்
டக், டக், டக் என்று தானே கோத்துக்கொள்ளும் கம்பிகள்.
இரண்டாவதின் நடுவில் வெள்ளி டேப்.
ஆலங்கட்டி ஒடித்த ஓர் இரவில் நான் ஒட்டியது,
பல்லால் கிழித்த விளிம்பு பிசிராய்த் தெரிந்தது.
அதன்மேல் இப்போது புதுக் கறுப்பு டேப், இரண்டு சுற்று,
நேராய், கத்தரியால் வெட்டி.
என் பிசிரை அவன் உரிக்கவில்லை.

முளைகளை எண்ணினேன். ஏழு.
காலுறையை உள்புறம் திருப்பிப் பார்த்தேன். ஏழுதான்.
"தொலைஞ்சிருக்கும்" என்றாள் கார்லிஸ்.
டூயி கார் சாவியைக்கூடத் தொலைத்தவனில்லை.
நான் ஒன்றும் சொல்லாமல்
வடகிழக்கு மூலைக் கயிற்றை
ஒரு கல்லில் கட்டினேன்.

இரவு முழுக்க மழை.
ஏழு மூலையும் ஊமை. அந்தக் கல் மட்டும்
காற்று இழுக்கும்போதெல்லாம் சரளையில் நறநறத்தது.
கார்லிஸ் குறட்டை விட்டாள்,
எனக்குப் பழக்கமான குறட்டை, குடும்பச் சொத்து.
தூங்கினேனா என்று தெரியாது.
விடியலில் துணியின் உட்பக்கம் உறைபனி,
எங்கள் இருவரின் மூச்சும்
பிரித்தறிய முடியாமல் ஒட்டிக் கிடந்தது.

நான்காம் நாள் இறங்கி வருகையில்
கோவேறு கழுதையோடு வனக்காவலர் ஒருவர் எதிரே வந்தார்.
மண்வெட்டி, தாடி, வெயிலில் உரிந்த மூக்கு.
பதிவேட்டைப் படித்திருப்பார் போல.
"மீன் கிடைச்சுதா?"
"ஏழு" என்றேன்.

கார்லிஸ் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்,
பையோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
அவர் சிரிக்கவில்லை.
உரிமச் சீட்டைக் காட்டச் சொல்லிக்
கையை நீட்டினார்.